திரூர்க்குப்பத்து நெல்லும் மஞ்சள் பூச்சியும்

நெற்பயிரை விட்டால் இந்த மஞ்சள் பூச்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது. இறக்கையை முழுதாக விரித்தாலும் பெண் பூச்சி சுமார் மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது. வாய் பேருக்குத்தான் இருக்கிறது. கூட்டை விட்டு வெளியே வந்தபின் அது எதையும் தின்பதில்லை. ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் உயிரோடிருக்கும். அதற்குள் இணைசேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். நம் விவசாயிகள் இதைக் குருத்துப்பூச்சி என்பார்கள். வேளாண்மைத் துறைக் கையேடுகளில் இதன் பெயர் மஞ்சள் தண்டுத்துளைப்பான். பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரை, ஆசியாவில் நெல் விளையும் இடமெல்லாம் இது இருக்கிறது.

பெண் பூச்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். முன் இறக்கை இரண்டும் வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் வரை இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு கரும்புள்ளி, மையால் தொட்டு வைத்ததுபோல் தெளிவாகத் தெரியும். பின் இறக்கைகள் வைக்கோல் நிறத்தில் வெளுத்திருக்கும். வயிற்றின் நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை. தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்புற உணரிகளால் உட்கார்ந்திருக்கும்போது மூக்கு நீண்ட பூச்சியாகத் தோன்றும். ஆணுக்கு இந்த அழகு எதுவும் இல்லை. மங்கலான பழுப்பு நிறம், இறக்கை ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், நுனியிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு கறுத்த கோடு. நடுப்புள்ளி இருந்தாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே இனம் என்று புதியவர் நம்பமாட்டார்.

பூச்சியியல் அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1863இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் வாக்கர், போர்னியோவின் சரவாக்கிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு இதற்கு 'இன்செர்ட்டுலஸ்' என்று பெயரிட்டார். அதே ஆண்டில் அவரே 'பைபங்டிபெரா' என்று இன்னொரு பெயரையும் இதற்கே கொடுத்திருக்கிறார். ஜெர்மானியரான செல்லர் தன் பங்குக்கு அதே 1863இல் மேலும் இரண்டு பெயர்கள் வைத்தார். ஒரே பூச்சி நாலு பூச்சியாக ஏடுகளில் ஏறியது. பேரினப் பெயரும் நிலைக்கவில்லை. சைலோ என்று தொடங்கி, ஸ்கோனோபியஸாக மாறி, 1960க்குப் பின் டிரைபோரைசா என்றாகி, 1981 முதல் ஸ்கிர்போபேகா இன்செர்ட்டுலஸ் என்ற இடத்துக்கு வந்து நின்றது.

இந்தப் பூச்சியின் தமிழ்நாட்டுக் கதையில் சென்னையின் மேற்குப் புறநகருக்கு ஒரு தனி இடம் உண்டு. அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கி தொழிற்சாலை, பூந்தமல்லி என்றால் பெங்களூர் சாலை என்று இன்றைக்குச் சொல்கிறோம். ஆனால் அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக்கொண்டு அரக்கோணம் போகும் அதே ரயில் பாதையில், திருநின்றவூரைத் தாண்டி திருவள்ளூருக்கு முன்னால் இருக்கும் திரூரில், அதாவது திரூர்க்குப்பத்தில், ஒரு சிறிய நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே உருவான ஒரு நெல், பூச்சிகளோடு ஆசியா நடத்திய போராட்டத்தையே வேறு திசைக்குத் திருப்பியது.

ஏரிப் பாசனமும் ஒரு பருவ இடைவெளியும்

இந்த வட்டாரம் ஏரிகளின் நாடு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர் என்று ஊருக்கு ஓர் ஏரி. பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் பேரேரி. ஒவ்வொன்றின் கரைக்குக் கீழும் மதகு, வாய்க்கால், ஆயக்கட்டு, நஞ்சை. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீருக்குள் இந்த ஊர்களும் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அந்த ஜாகீரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். நிலம், வீடு, மாடு, விளைச்சல் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. கம்பெனி இங்கே எதிர்பார்த்த வருமானத்தின் ஆதாரம் நெல்தான்.

ஏரிப் பாசனம் வானத்தைப் பார்த்து நடப்பது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். சம்பா தை, மாசியில் அறுவடையாகும். ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் நவரை. கிணறு இருந்தால் சித்திரைக்குப் பிறகு சொர்ணவாரி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற இந்தப் பெயர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. எல்லா நிலத்திலும் மூன்று போகமும் நடந்துவிடாது. பல இடங்களில் அறுவடைக்குப் பின் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஆடு மாடுகள் தாளை மேயும். கோடை மழை ஒன்று பெய்ததும் உழவு நடக்கும்.

குருத்துப்பூச்சிக்கு அந்தக் காய்ந்த மாதங்கள் கெட்ட காலம். அறுவடை முடிந்தபோது தண்டுக்குள் இருந்த புழு, அடித்தாளுக்குள் இறங்கி, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, அடுத்த ஈரத்துக்காகக் காத்திருக்கும். தாள் காய்ந்தாலோ, மேய்ச்சலில் மிதிபட்டாலோ, உழவில் புரண்டு வெயிலுக்கு வந்தாலோ பெரும்பாலும் தப்பாது. கோடை உழவு செய்த விவசாயி பூச்சியை நினைத்து அதைச் செய்யவில்லை. மண் இளகவும் களை சாகவும் உழுதார். அதோடு பூச்சியின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டிருந்தது.

தண்டுக்குள் நடப்பது

விவசாயி பூச்சியைப் பார்ப்பது அரிது. பார்ப்பது அது விட்டுப்போன சேதத்தைத்தான். இருட்டியபின் பறக்கத் தொடங்கும் பெண் பூச்சி, நெல் இலையின் நுனிக்கு அருகில் குவியலாக முட்டையிடும். ஒரு குவியலில் 50 முதல் 80 முட்டைகள் வரை இருக்கும். இட்டு முடித்ததும் தன் வயிற்று நுனியிலிருந்து மயிரை உதிர்த்து அதன் மேல் ஒட்டிவிடும். முட்டை வெளியே தெரியாது. பழுப்பு நிறத் திட்டு ஒன்றுதான் தெரியும்.

ஒரு வாரத்தில் பொரியும் புழுக்கள் இலையில் தங்குவதில்லை. சில கீழே இறங்கும். சில மெல்லிய நூல் விட்டுத் தொங்கி, காற்றின் போக்கில் பக்கத்துத் தூருக்குப் போய்விடும். இலையுறைக்குள் நுழைந்து ஓரிரு நாள் சுரண்டித் தின்றபின் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரு புழு. பயிர் தூர் கட்டும் பருவமாக இருந்தால் நடுக்குருத்து காய்ந்துவிடும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வரும் பருவமாக இருந்தால் கதிர் முழுதும் வெளுத்து, பால் பிடிக்காமல், மற்றக் கதிர்கள் தலைசாய்ந்து நிற்கையில் இது மட்டும் விறைத்து நிற்கும். அதுதான் வெண்கதிர். ஒரு மணிகூடத் தேறாது, எல்லாம் சாவி.

முதல் வகைச் சேதத்தைப் பயிர் ஓரளவுக்குச் சமாளிக்கும். ஒரு குருத்து போனால் இன்னொரு தூர் வெடிக்கும். கதிர் வெளுத்தபின் ஈடுசெய்ய வழியில்லை.

இந்தச் சேதத்துக்குக் காரணமான பூச்சியை இந்தியாவில் முறையாக வகைப்படுத்தியவர்களில் ஒருவர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்து, அங்கேயே அந்துப்பூச்சிகளின் மேல் ஈடுபாடு கொண்டவர். ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற அந்த ஆங்கிலேயர் பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். 1914இல் பெயின்பிரிக் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய நூல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1940இல் டி. வி. ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை எழுதினார். ஹாம்ப்சனுக்கு இறக்கையின் கோடும் புள்ளியும் முக்கியம். பின்னவர்களுக்கு வயலில் என்ன செய்வது என்பது முக்கியம்.

அந்தக் காலத்தில் கையில் இருந்த வழிகள் எளியவை. நாற்றங்காலில் முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி எடுப்பது, நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கத்தரிப்பது, இரவில் தண்ணீர்த் தட்டின் மேல் விளக்கு வைத்துப் பூச்சியை விழவைப்பது, அறுவடைக்குப் பின் தாளை உடனே உழுவது. முட்டை இலை நுனியில் இருப்பதால் நாற்றின் நுனியைக் கிள்ளுவது நல்ல பலன் தந்தது. இன்றைக்கும் வேளாண் அலுவலர்கள் விவசாயிகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

திரூர்க்குப்பத்தில் ஒரு கலப்பு

சென்னை மாகாணத்தில் நெல் ஆராய்ச்சி 1912இல் கோயம்புத்தூர் நெல் இனவிருத்தி நிலையத்தோடு முறையாகத் தொடங்கியது. அங்கிருந்து 1921இல் வந்த ஜி.இ.பி. 24, சன்ன ரகத்துக்கும் சோற்றின் தரத்துக்கும் பேர்பெற்றது. பிற்காலத்தில் பல நாட்டு நெல் வகைகளுக்கு மூதாதையாக நின்றது. ஒவ்வொரு வட்டாரத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் தனித்தனி நெல் வேண்டும் என்பதால் கிளைப் பண்ணைகள் எழுந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப் பாசன நிலத்துக்காக 1940களில் திரூர்க்குப்பத்தில் பண்ணை அமைந்தது. ஆடுதுறையின் நெல்லுக்கு ஏ.டி.டி. என்பதுபோல் இங்கே உருவான நெல்லுக்கு டி.கே.எம். என்ற எழுத்துகள் முன்னொட்டாயின.

1952இல் வெளிவந்த டி.கே.எம். 6, ஜி.இ.பி. 24 நெல்லையும் கோ 18 நெல்லையும் கலந்து எடுத்தது. ஏறத்தாழ நாலு மாதத்துக்குள் அறுவடைக்கு வரும், அரிசி வெள்ளை. மாகாணத்தின் பல ரகங்களுள் இன்னொன்றாக, உள்ளூருக்குப் பொருந்தும் நல்ல நெல்லாக அது வயலுக்குப் போனது.

மூன்று ஆண்டு கழித்து, 1955 ஜனவரியில், அந்த ரயில் பாதையில் சற்றுக் கிழக்கே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடு முழுதும் ஆவடி என்ற பெயரைக் கேட்டது. திரூர்க்குப்பத்து நெல்லின் பெயர் வெளியே போக இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தன. அந்தப் பெயரைக் கேட்டவர்களும் வேறு நாட்டில் இருந்தார்கள்.

லாஸ் பான்யோஸ் கண்டுபிடித்தது

1960இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. உலகெங்குமிருந்து விதைகளைச் சேர்த்தார்கள். இந்தியரான பூச்சியியல் அறிஞர் எம். டி. பாதக்கும் அவர் குழுவும் அந்த ஆயிரக்கணக்கான வகைகளை வரிசை வரிசையாக நட்டு, தண்டுத்துளைப்பான் எதைத் தின்கிறது, எதை விடுகிறது என்று எண்ணினார்கள். அங்கே அவர்கள் முதலில் சோதித்தது வரித் தண்டுத்துளைப்பான் என்ற உறவுக்காரப் பூச்சியை. அதற்கு நன்றாகத் தாக்குப்பிடித்தவற்றில் டி.கே.எம். 6 ஒன்று. மஞ்சள் பூச்சிக்கு எதிராகவும் அது ஓரளவு நின்றது. அதன் மேல் பூச்சி குறைவாக முட்டையிட்டது. உள்ளே போன புழுக்கள் சரியாக வளரவில்லை.

1966இல் அங்கிருந்து வந்த ஐ.ஆர். 8 விளைச்சலில் எல்லாரையும் திகைக்கவைத்தது. வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார். ஆனால் பூச்சிக்கும் நோய்க்கும் அது எளிதில் இரையானது. அரிசியின் தரமும் சுமார்தான். விளைச்சலோடு எதிர்ப்பும் வேண்டும் என்று தேடியபோது திரூர்க்குப்பத்து நெல் கைக்கு வந்தது. தைவான், இந்தோனேசிய நெற்களின் வழிவந்த ஒரு குட்டை நெல்லோடு டி.கே.எம். 6ஐக் கலந்து எடுத்த ஐ.ஆர். 20 1969இல் வெளியானது. தமிழ்நாட்டில் அது வேர்பிடித்தது. காவிரிப் படுகையில் சம்பாவுக்கு, செங்கல்பட்டில் ஏரிப் பாசனத்துக்கு, எங்கும் ஐ.ஆர். இருபது. திரூர்க்குப்பத்தில் பிறந்த நெல்லின் பிள்ளை, பதினேழு ஆண்டு கழித்து, கடல் கடந்து சொந்த ஊருக்குத் திரும்பியது.

இந்தியாவுக்குள்ளும் அதன் சந்ததி பெருகியது. கட்டக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் டி.கே.எம். 6ஐயும் ஐ.ஆர். 8ஐயும் கலந்து ரத்னா என்ற நெல்லை 1970இல் தந்தது. ஒடிசாவின் பாரிஜாத் நெல்லுக்கும் டி.கே.எம். 6 பெற்றோர்களில் ஒன்று.

இதைவிட வியப்பான செய்தி 1970களின் தொடக்கத்தில் வந்தது. அப்போது ஆசியாவை உலுக்கத் தொடங்கியிருந்தது வேறொரு பூச்சி, புகையான். தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைத் தீய்ந்ததுபோல் ஆக்கிவிடும். டி.கே.எம். 6 புகையானுக்குத் தாங்காது. ஐ.ஆர். 24ம் தாங்காது. ஆனால் இரண்டையும் கலந்து பிறந்த ஐ.ஆர். 26, 1973இல், புகையானை எதிர்க்கும் நெல்லாக வெளிவந்தது. மார்ட்டினஸ், குர்தேவ் குஷ் ஆகியோரின் மரபியல் ஆய்வு 1974இல் காரணத்தைச் சொன்னது. டி.கே.எம். 6க்குள் புகையான் எதிர்ப்பு மரபணு இருந்தது. அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் கூடவே இருந்தது. கலப்பில் அடக்கும் மரபணு விலகிப்போன கன்றுகளில் எதிர்ப்பு வெளிப்பட்டது. பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கும் மரபணு ஒன்றும் இந்த நெல்லிடமிருந்து கிடைத்தது.

1976இல் வந்த ஐ.ஆர். 36இன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 உண்டு. 1980களில் அந்த ஒரு நெல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது. அதுவரை வேறெந்த நெல் ரகமும் அவ்வளவு பரப்பில் பயிரானதில்லை.

இடைவெளி மூடியது

நெல்லுக்குத் தெம்பு கூடிய அதே ஆண்டுகளில், இந்த வட்டாரத்தில் பூச்சிக்கும் வாய்ப்பு கூடியது. மின்சாரம் வந்தது, கிணற்றில் மோட்டார் ஓடியது. குறுகிய வயது நெல்லும் ரசாயன உரமும் சேர்ந்ததால் ஏரி வற்றினாலும் அடுத்த போகம் நடந்தது. சொர்ணவாரி அறுவடையாகும் வயலுக்குப் பக்கத்திலேயே சம்பா நாற்று. சம்பா முடியும் முன்பே நவரை. முன்பு காய்ந்து கிடந்த மாதங்களில் இப்போது எங்கேயாவது பச்சைத் தண்டு இருந்தது. பூச்சி தாளுக்குள் சுருண்டு காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. யூரியா அதிகம் போட்ட வயலில் செழித்த கரும்பச்சைப் பயிர் அதற்கு இன்னும் உகந்ததாக இருந்தது.

மருந்தும் வந்தது. பி.எச்.சி., எண்டிரின் போன்றவை முதலில். புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே தெளித்த மருந்து அதைத் தொடுவது கடினம். இலையில் திரிந்த குளவிகளும் சிலந்திகளும்தான் முதலில் செத்தன. முட்டையைத் தின்னும் டெட்ராஸ்டிக்கஸ், டெலினோமஸ் போன்ற சின்னக் குளவிகள் இதன் இயற்கை எதிரிகள். அவற்றில் சில, பெண் அந்துப்பூச்சியின் வயிற்று மயிரில் தொற்றிக்கொண்டே பறந்துபோய், அது முட்டையிடும் இடத்திலேயே இறங்கித் தம் வேலையைத் தொடங்கும். பிறகு வேர் வழியே பயிருக்குள் ஏறும் குருணை மருந்துகள் வந்தன. எண்டிரின் 1990இலும் பி.எச்.சி. 1997இலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன.

ஜப்பான் இதே பூச்சியோடு வேறு விதமாக முடிவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரத்தியான் மருந்தும் நடவுக் கால மாற்றமும் சேர்ந்து, அந்நாட்டின் முக்கியத் தீவுகளில் மஞ்சள் தண்டுத்துளைப்பான் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. குளிர்காலத்தில் நெல்லே இல்லாத நாடு அது. ஆண்டு முழுதும் ஏதோ ஒரு வயலில் நெல் நிற்கும் தமிழ்நாட்டில் அது நடக்கவில்லை.

புறநகரில் நெல்லே பின்வாங்கத் தொடங்கியது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. தொழிற்சாலை வந்த இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு வந்தது. குடியிருப்புக்குப் பின் வீட்டுமனை வந்தது. ஏரிகளின் ஆயக்கட்டு வீட்டு எண்களாக மாறியது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரியாகிவிட்டது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடியே மாநகராட்சியானது.

கிடங்கு அந்தும் வயல் அந்தும்

நெல் விளைவது நின்ற ஊரிலும் அரிசி வந்து இறங்குவது நிற்கவில்லை. ஆவடியில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு இருக்கிறது; வடக்கே செங்குன்றத்தில் அரிசி ஆலைகளும் மண்டிகளும். கிடங்குகளில் வாழ்வது வேறொரு சின்ன அந்துப்பூச்சி, கார்சிரா. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், புள்ளியோ பளிச்சென்ற வண்ணமோ இல்லாத இறக்கை. அதன் புழு அரிசியையும் நொய்யையும் நூலால் பின்னிக் கட்டிகட்டியாக்கிவிடும். பழைய அரிசியைப் புடைக்கும்போது நூல் கோத்த கொத்துகள் முறத்தில் நிற்பது இதன் கைவேலைதான்.

இந்தக் கிடங்குப் பூச்சியை வைத்தே வயல் பூச்சியை அடக்கும் முறை ஒன்று இருக்கிறது. டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குளவி, பிற பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அதை ஆய்வகத்தில் பெருக்க நிறைய முட்டை வேண்டும். அதற்காக உடைத்த கம்பைத் தொட்டியில் நிரப்பி, நிலக்கடலைத் தூள் கலந்து, கார்சிராவை வளர்க்கிறார்கள். சேகரித்த முட்டைகளைப் புற ஊதாக் கதிரில் காட்டி, புழு பொரியாதபடி செய்து, அட்டையில் ஒட்டிக் குளவிக்குக் கொடுக்கிறார்கள். குளவி ஏறிய அட்டையை நெல் வயலில் கட்டிவிட்டால், வெளிவரும் குளவிகள் குருத்துப்பூச்சியின் முட்டைகளைத் தேடிப் போகும். நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம். ஹெக்டேருக்கு 5 சி.சி., அதாவது சுமார் ஒரு லட்சம் முட்டைகள். நட்டு ஒரு மாதத்தில் முதல் அட்டை, ஒரு வாரம் கழித்து அடுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது. முட்டை மயிரால் மூடப்பட்டிருப்பதால் இந்தச் சின்னக் குளவிக்கு வேலை சிரமம்தான். அடியில் இருக்கும் முட்டைகள் தப்பிவிடுவதும் உண்டு.

1985இல் பெண் பூச்சி வெளியிடும் மணத்தின் வேதிப் பொருள்கள் அடையாளம் காணப்பட்டன. அதைச் செயற்கையாகச் செய்து ரப்பர் குப்பியில் ஏற்றி வயலில் பொறி வைக்கிறார்கள். அந்த மணத்துக்கு வருவது ஆண் மட்டுமே. கையேட்டில் மஞ்சள் இறக்கையும் கரும்புள்ளியும் கொண்ட படத்தைப் பார்த்த விவசாயி பொறியைத் திறந்தால் உள்ளே மங்கிய பழுப்புப் பூச்சிகள்தான் கிடக்கும். வேறேதோ பூச்சி என்று கொட்டிவிடக்கூடாது என்பதற்காக, பயிற்சிகளில் இரண்டு படங்களையும் சேர்த்தே காட்ட வேண்டியிருக்கிறது. மஞ்சள் பெண்ணைப் பார்க்க விளக்குப் பொறிதான் வழி. ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக் குவியல், அல்லது நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இன்றைய கணக்கு.

திரூர் பண்ணை இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம். பக்கத்திலேயே திருவள்ளூர் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. 1978இல் அங்கிருந்து வந்த டி.கே.எம். 9 சிவப்பரிசி. 2015இல் வந்த டி.கே.எம். 13 நடுத்தரச் சன்ன ரகம். அம்பத்தூர், ஆவடி மளிகைக் கடைகளில் இட்லி அரிசி மூட்டைகளின் மேல் இன்றும் ஐ.ஆர். 20 என்ற பெயர் இருக்கிறது. வாங்கிப்போகிறவர்களில் அநேகம் பேருக்கு அதன் மூதாதை நெல்லின் ஊர் புறநகர் ரயிலில் சில நிலையம் தள்ளி இருப்பது தெரியாது.

மஞ்சள் தண்டுத்துளைப்பானுக்கு முழுதாக எதிர்த்து நிற்கும் நெல், பயிராகும் வகைகளுக்குள் இன்றுவரை கிடைக்கவில்லை. காட்டு நெல் இனங்களில் தேடுகிறார்கள். பாக்டீரியா மரபணு ஏற்றிய நெல்லைச் சீனா 2009இல் உயிரியல் பாதுகாப்புச் சான்று வரை கொண்டுபோனது. அது வணிகச் சாகுபடிக்குப் போகவில்லை. ஆகவே குருத்துப்பூச்சிச் சோதனைத் திடல்களில் புதிய நெற்களுக்கு நடுவே ஒரு வரிசை டி.கே.எம். 6 இன்றும் நடப்படுகிறது. புதிய நெல்லில் எத்தனை குருத்து காய்ந்தது, எத்தனை கதிர் வெளுத்தது என்று எண்ணி, இந்த வரிசையோடு ஒப்பிட்டுத்தான் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்.